மழைக்காலத்தில் டிரையர் ஒழுங்காகக் காய வைக்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைத் திருத்துங்கள்

ஐப்பசி பிறந்துவிட்டால் யாழ்ப்பாணத்தில் கொடியை நம்பி உடுப்புத் தோய்க்க முடியாது. ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்ரோபருக்கும் டிசம்பருக்கும் இடையில்தான் கொட்டித் தீர்க்கிறது. மழை விட்ட நேரத்திலும் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால், விறாந்தைக் கொடியில் போட்ட துவாய் அடுத்த நாளும் நசநசவென்றுதான் கிடக்கும். அந்த மூன்று மாதத்துக்காகவே இப்போது வீடுகளிலும் விடுதிகளிலும் டிரையர் வாங்குகிறார்கள். வாங்கியவர்களிடம் கேட்டால் வரும் முறைப்பாடு மூன்றில் ஒன்று: காயுதில்லை, சுருங்கிப்போச்சு, பில் ஏறிப்போச்சு.

காயாவிட்டால் எல்லோரும் செய்யும் வைத்தியம் சூட்டைக் கூட்டுவது, இல்லாவிட்டால் நேரத்தைக் கூட்டுவது. பிழை அங்கே இருப்பது அரிது. எந்த உடுப்பை எதோடு சேர்த்துப் போட்டோம், எவ்வளவு தண்ணீரோடு போட்டோம் என்பதில்தான் பெரும்பாலும் இருக்கிறது.

அறிகுறிகளுக்குப் போகமுன் ஒரு விஷயம் தெளிவாக இருக்கட்டும். டிரையரின் முகப்பில் நீங்கள் எடுப்பது இரண்டு வெவ்வேறு முடிவுகள். கொட்டன், சிந்தெற்றிக், டெலிகேட் என்பவை எவ்வளவு சூடு என்பதைச் சொல்கின்றன. அயன் டிரை, கபேர்ட் டிரை, எக்ஸ்ட்ரா டிரை என்பவை எப்போது நிறுத்துவது என்பதைச் சொல்கின்றன. அயன் டிரை என்றால் அயன் பண்ண வசதியாகக் கொஞ்சம் ஈரம் விட்டு நிற்கும். கபேர்ட் டிரை என்றால் மடித்து அலுமாரியில் வைக்கலாம். எக்ஸ்ட்ரா டிரை தடித்த துவாய்க்கும் களுசானுக்கும். இவற்றில் எல்லாம் ஈரத்தை அளந்து பார்த்து இயந்திரமே நிறுத்துகிறது. டைமர் மட்டும் வேறு: அது ஈரத்தைப் பார்க்காது, சொன்ன நிமிடம் வரைக்கும் ஓடும்.

"முடிஞ்சுது எண்டு சத்தம் போடுது, ஆனா எல்லாம் ஈரமாக் கிடக்கு"

முதலில் தோய்க்கும் மெசினைப் பாருங்கள், டிரையரை அல்ல. ஒரு கிலோ பருத்தி உடுப்பு நிமிடத்துக்கு 800 சுற்றில் பிழியப்பட்டு வந்தால் ஏறத்தாழ 700 கிராம் தண்ணீரைச் சுமந்து வரும். 1400 சுற்றில் பிழிந்தால் அது 500 கிராம் அளவுக்கு இறங்கும். ஐந்து கிலோ உடுப்புக்கு அந்த வித்தியாசம் ஒரு லீற்றர். ஹீற்றர் உள்ள டிரையர் ஒரு லீற்றர் தண்ணீரை ஆவியாக்கக் கிட்டத்தட்ட ஒரு யூனிற் மின்சாரம் எடுக்கும். அதே தண்ணீரைச் சுழற்றிப் பிழிவதற்கு ஆகும் மின்சாரம் அதோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. ஆகவே துவாய், சாறம், படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் அந்தத் துணி தாங்கும் ஆகக் கூடிய சுற்றில் பிழியுங்கள். கிணற்றடியில் கல்லில் தோய்த்துக் கையால் முறுக்கிய உடுப்பை நேரே டிரையருக்குள் போடவே கூடாது. மெசினில் பிழிதலை மட்டும் தனியாக ஓடவிட்டு எடுத்துப் போடுங்கள்.

அடுத்தது சுமை. டிரம்மை அடைத்துப் போட்டால் உடுப்புப் புரள இடமில்லை, சூடான காற்று ஊடாகப் போக வழியில்லை. போட்டபின் மேலே மூன்றில் ஒரு பங்கு வெறுமையாக இருக்க வேண்டும். தோய்ப்பதும் காய வைப்பதும் ஒன்றாக உள்ள மெசின் என்றால் இன்னும் கவனம் தேவை: எட்டுக் கிலோ தோய்க்கும் மெசின் ஐந்து கிலோ அளவில்தான் காய வைக்கும். தோய்த்து முடிந்ததும் பாதியை வெளியே எடுக்காமல் அப்படியே காய விட்டால் ஈரமாகத்தான் வரும்.

இந்த இரட்டை மெசின்களில் இன்னொரு சிக்கல் உண்டு, நம்மவர்கள் பலருக்கு அது தெரியாது. பல மாதிரிகள் உள்ளே எழும் நீராவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்கக் குழாய்த் தண்ணீரைத்தான் பாவிக்கின்றன. தோய்த்தது முடிந்துவிட்டதே என்று குழாயைப் பூட்டினாலோ, மோட்டர் போடாமல் மேல் தாங்கி வெறுமையாகக் கிடந்தாலோ, டிரம் சுற்றும், சூடும் இருக்கும், உடுப்பு மட்டும் காயாது.

பிழிதலும் சுமையும் சரி என்றால், உடுப்பில் இருந்து உதிரும் பஞ்சைப் பிடிக்கும் வலையான பஞ்சு வடியை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் பஞ்சை வழித்து எடுக்கிறோம் என்பீர்கள். அது போதாது. வடியை வெறும் கண்ணால் பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும். தண்ணீர்க் குழாயின் கீழே பிடித்துப் பாருங்கள். வலைக்கு ஊடாகத் தண்ணீர் உடனே இறங்கிவிட்டால் நல்லது. வலையின் மேல் குளம்போல் தேங்கி நின்று, ஓரத்தால் வழிந்தால், துணியை மெதுவாக்கப் போடும் சொஃப்ட்னரின் மெழுகுப் படலம் கண்ணறைகளை அடைத்திருக்கிறது. தண்ணீர் போகாத இடத்தால் காற்றும் போகாது. இளஞ்சூட்டு நீரும் சவர்க்காரமும் போட்டுப் பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்த்து, முற்றாகக் காயவிட்டு, திரும்பப் பொருத்துங்கள்.

குழாய் வழியாக ஈரக் காற்றை வெளியே தள்ளும் வகை என்றால், அந்தக் குழாய் யன்னலுக்கு வெளியே போகிறதா, நடுவில் மடிந்து நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மழை அடிக்கிறது என்று குழாயை உள்ளே இழுத்து விட்டு ஓட்டினால், வெளியே விட்ட ஈரத்தையே டிரையர் திரும்ப உறிஞ்சிக்கொண்டிருக்கும். நீராவியை உள்ளேயே தண்ணீராக்கிப் பெட்டியில் சேர்க்கும் கொண்டென்சர் வகை என்றால் தண்ணீர்ப் பெட்டியை ஒவ்வொரு முறையும் ஊற்றிவிடுங்கள். சின்ன அறைக்குள் கதவைப் பூட்டி வைத்து ஓட்டினால் அறையே சூடேறி, நீராவி தண்ணீராக மாறுவது குறைந்துவிடும். கதவைத் திறந்து வையுங்கள்.

இத்தனைக்கும் பிறகு, போட்டது ஒரு களுசானும் ஒரு சேட்டும் மட்டும் என்றால் பிழை உங்களுடையதுமல்ல, மெசினுடையதுமல்ல. ஈரத்தை அளப்பவை டிரம்முக்கு உள்ளே, பெரும்பாலும் கதவுக்குக் கீழே, பதிந்திருக்கும் இரண்டு உலோகப் பட்டிகள். ஈரத்துணி இரண்டையும் ஒருங்கே தொடும்போது சிறு மின்னோட்டம் ஓடும். துணி காயக் காய அது குறையும். இரண்டே உடுப்பு இருந்தால் அவை பட்டியில் படாமலே சுழன்று போய்விடும், மெசின் காய்ந்துவிட்டது என்று எண்ணி நின்றுவிடும். சின்னச் சுமைக்கு டைமர்தான் சரி. பட்டிகளின் மேல் சொஃப்ட்னரோ சுண்ணாம்போ படிந்தாலும் இதே கதைதான்: கொஞ்சம் வினாகிரியில் நனைத்த துணியால் துடைத்து, பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

"மேல் காஞ்சிருக்கு, மடிப்புக்குள்ளை ஈரம்"

சுமையைப் பிரித்த விதம் பிழை. நாங்கள் நிறத்தைப் பார்த்துப் பிரித்துப் பழகியவர்கள். தோய்ப்பதற்கு அது சரி. காய வைக்க நிறம் முக்கியமில்லை, தடிப்புத்தான் முக்கியம். மெல்லிய சேட்டும் தடித்த துவாயும் ஒன்றாகச் சுற்றினால், பட்டிகளில் அடிக்கடி படுகிற காய்ந்த சேட்டுகளை அளந்துவிட்டு மெசின் நிற்கும். துவாய் ஈரமாகவே இருக்கும். நீங்கள் நேரத்தைக் கூட்டினால் துவாய் காய்வதற்குள் சேட்டுப் பொரிந்துபோகும்.

ஒரு சோதனை சொல்கிறேன். களுசானை எடுத்து இடுப்புப் பட்டியை இரண்டு விரலால் அமத்திப் பிடியுங்கள். பிறகு சட்டைப்பையின் அடித்தையல், காலின் உள்தையல். கால் பகுதி காய்ந்து மொறுமொறுப்பாக இருக்கும்போதே இந்த மூன்று இடமும் குளிர்ந்திருந்தால் அவை இன்னும் ஈரம். துணி சூடாக இருக்கும்போது கைக்கு ஈரம் தெரியாது, ஆகவே ஒரு நிமிடம் உதறி ஆறவிட்டுத் தொடுங்கள். களுசானை உட்புறம் வெளியே வரத் திருப்பிப் போட்டால் பையும் தையலும் முதலில் காயும். துவாயையும் களுசானையும் ஒரு சுமையாக்கி கொட்டன், எக்ஸ்ட்ரா டிரையில் போடுங்கள். சேட்டு, பெனியன், சாறம் இன்னொரு சுமை: கொட்டன், கபேர்ட் டிரை.

படுக்கை விரிப்பும் வேட்டியும் தனி வகை. நீளமான துணிகள் சுழலும்போது கயிறாக முறுகும், மெத்தை உறை வாயைத் திறந்து மற்ற உடுப்புகளை உள்ளே சுருட்டிக்கொள்ளும். உறையின் தெறிகளைப் பூட்டிவிட்டுப் போடுங்கள். கந்தசஷ்டி ஆறு நாளும் கோயிலுக்குப் போகிற வீட்டில் தினமும் வேட்டி தோய்க்க வேண்டிவரும். அப்போது இரண்டு மூன்று வேட்டிக்கு மேல் சேர்க்காமல், நன்றாக உதறி, கபேர்ட் டிரையில் பாதி வழி ஓடியதும் இடைநிறுத்தி, எடுத்து முறுக்கைப் பிரித்து உதறி, திரும்பப் போடுங்கள். அந்த ஒரு நிமிட வேலை அரைமணி நேரத்தை மிச்சம் பிடிக்கும்.

"நேரம் போய்க்கொண்டே இருக்கு, நிக்குதில்லை"

உங்களுடையது ஹீற் பம்ப் வகையா என்று முதலில் பாருங்கள். அது காற்றின் சூட்டை வெளியே விடாமல் திரும்பத் திரும்பப் பாவித்து, குறைந்த சூட்டில் மெதுவாகக் காய வைக்கும். முழுச் சுமைக்கு இரண்டு முதல் மூன்று மணித்தியாலம் எடுப்பது அதன் இயல்பு, பழுது அல்ல. உள்ளே கைவைத்தால் பெரிய சூடு தெரியாது. ஆனால் மின்சாரம் ஹீற்றர் வகையில் பாதி அளவுதான். நீங்கள் புதிதாக வாங்கப்போகிறீர்கள் என்றால் விலை கூடினாலும் இதைத்தான் வாங்கச் சொல்வேன். ஹீற்றர் வகையில் ஒரு பெரிய சுமைக்கு நாலு யூனிற் போனால், நாளொன்றுக்கு ஒரு சுமை என்று மாதத்துக்கு 120 யூனிற். மின்சார சபை வீட்டுப் பாவனையில் 180 யூனிற்றைத் தாண்டிய பகுதிக்குத்தான் ஆகக் கூடிய கட்டணம் போடுகிறது, டிரையர் உங்களைக் கொண்டுபோய் விடுவதும் அங்கேதான்.

ஹீற்றர் வகையாக இருந்தும் ஓட்டம் நீண்டுகொண்டே போனால், மேலே சொன்ன வடி, குழாய், சுமை எல்லாவற்றையும் பாருங்கள். எல்லாம் சரி, உடுப்பும் தொட்டால் காய்ந்திருக்கிறது, மெசின் மட்டும் ஈரம் என்கிறது என்றால் கிணற்றுத் தண்ணீரை யோசியுங்கள். குடாநாட்டின் அடியில் கிடப்பது சுண்ணாம்புக் கல். கிணற்று நீர் அதனூடாக ஊறி வருவதால் சுண்ணாம்பு கரைந்தே வருகிறது. கரையோரத்திலும் தீவகத்திலும் உப்பும் சேர்ந்துவிடும். கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிவது அதுதான். அதே உப்புகள் துணியிலும் தங்கும், உப்பு உள்ள ஈரம் மின்னை நன்றாகக் கடத்தும். ஆகவே மிச்சமிருக்கும் சொற்ப ஈரத்தையும் பெரிய ஈரமாக மெசின் கணக்கெடுத்து ஓடிக்கொண்டே இருக்கும். இதற்கு வழி: தோய்க்கும்போது அலசலை ஒன்று கூட்டுங்கள், காய வைக்கும் அளவை ஒரு படி குறைத்து வையுங்கள். எக்ஸ்ட்ரா டிரைக்குப் பதில் கபேர்ட் டிரை, கபேர்ட் டிரைக்குப் பதில் அயன் டிரை. பல மெசின்களில் இந்த அளவையே நிரந்தரமாகக் கூட்டிக் குறைக்க வழியுண்டு, கையேட்டில் பாருங்கள்.

"துவாய் விறைச்சுப் போகுது"

காரணம் பாதி தண்ணீர், பாதி சவர்க்காரத்தூள். கடின நீரில் நுரை வரவில்லை என்று தூளை அள்ளிப் போடுகிறோம், அது சுண்ணாம்போடு சேர்ந்து நூலில் படிகிறது. தூளை அளவோடு போட்டு, கடைசி அலசலில் சொஃப்ட்னருக்குப் பதிலாக அரைக் கோப்பை வெள்ளை வினாகிரி விட்டுப் பாருங்கள். வெளுப்பாக்கி போட்ட அன்று வினாகிரி விடவேண்டாம், இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு வரும். துவாய்க்குச் சொஃப்ட்னர் வேண்டவே வேண்டாம்: தொடுவதற்கு மெதுவாக இருக்கும், தண்ணீரை உறிஞ்சாது, வடியையும் அடைக்கும்.

"பெனியன் சின்னனாப் போச்சு"

பருத்தி நூலை நெய்யும்போதும் பின்னும்போதும் இழுத்துத்தான் வைத்திருப்பார்கள். தண்ணீரும் சூடும் புரட்டலும் சேரும்போது அது தன் பழைய நீளத்துக்குத் திரும்பும். பெனியன், ரீசேட் போன்ற பின்னல் துணிகளுக்கு இது கூடுதலாக நடக்கும். சுருங்கியதைத் திருப்பி எடுப்பது கஷ்டம். அடுத்ததைக் காப்பாற்றலாம்: சூட்டைக் குறைத்து, அயன் டிரையில் நிறுத்தி, கடைசி ஈரத்தை விறாந்தையில் மின்விசிறிக்குக் கீழே போக்குங்கள்.

உடுப்பின் உள்ளே தைத்திருக்கும் சிறு சீட்டைப் பாருங்கள். சதுரத்துக்குள் வட்டம் என்றால் டிரையரில் போடலாம். வட்டத்துக்குள் ஒரு புள்ளி என்றால் வெளியேறும் காற்று 60 பாகைக்கு மேல் போகக் கூடாது, இரண்டு புள்ளி என்றால் 80 பாகை. மேலே குறுக்குக் கோடு என்றால் போடவே கூடாது. சீட்டு இல்லாத உடுப்புகளுக்கு என் கட்டளை இதுதான்: பட்டுச் சீலை, சரிகை வேட்டி, கம்பளி, இழுபடும் நாடா உள்ள உள்ளாடை, ரப்பர் அடித்தளம் உள்ள கால்மிதி ஆகியவை டிரையரின் வாசலுக்கே போகக் கூடாது. கூறைச் சீலையை மழைக்காலத்தில் தோய்க்க நேர்ந்தாலும் நிழலில் விரித்துக் காயவிடுவதைத் தவிர வேறு வழி தேடாதீர்கள்.

"பள்ளிக்கூடச் சட்டை கசங்கி வருது"

வெள்ளைச் சீருடைத் துணியில் பெரும்பாலும் பொலியெஸ்ரர் கலந்திருக்கும். அது சூட்டில் இளகி, எந்த மடிப்போடு ஆறுகிறதோ அந்த மடிப்போடு நின்றுவிடும். கொட்டனில் போடாமல் சிந்தெற்றிக்கில், அரைச் சுமைக்கு மேல் போகாமல், கபேர்ட் டிரையில் போடுங்கள். ஓட்டத்தின் கடைசிப் பகுதி சூடில்லாமல் சுழல்வது உடுப்பை ஆற்றுவதற்குத்தான், அவசரத்தில் அதை வெட்டாதீர்கள். முடிந்த உடனே எடுத்து உதறித் தோள் கம்பியில் மாட்டிவிட்டால் பாதிச் சட்டைகளுக்கு அயனே தேவைப்படாது. இரவு போட்டுவிட்டு விடிய எடுப்பவர்கள் அயன் டிரையில் நிறுத்துவது நல்லது. கசங்கினாலும் ஈரம் இருப்பதால் அயனுக்கு உடனே படியும்.

"ஒட்டிப் பிடிக்குது, தொட்டா சுள்ளெண்டுது"

எங்கள் காற்றில் இது அரிது. வந்தால் நைலோன், பொலியெஸ்ரர் உடுப்பு மிதமிஞ்சிக் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு படி குறையுங்கள்.

"காஞ்சும் மணக்குது"

தோய்த்த உடுப்பு மெசினுக்குள்ளேயே பல மணித்தியாலம் கிடந்தால் வரும் பூஞ்சை மணம் டிரையரால் போகாது. சூட்டில் அடங்கியதுபோல் இருந்து, வியர்வை பட்டதும் திரும்ப எழும்பும். சுடுநீரில் திரும்பத் தோய்த்து, உடனே காயப் போடுவதுதான் வழி.

எண்ணெய் மணம் என்றால் விஷயம் பாரதூரமானது. தலைக்கு எண்ணெய் வைத்து முழுகியபின் துடைத்த துவாய், தலையணை உறை, குசினிக் கைபிடித் துணி, கார்த்திகை விளக்கீட்டுக்கு எண்ணெய் துடைத்த துணி ஆகிய எல்லாவற்றிலும் ஒருமுறை தோய்த்தபின்னும் எண்ணெய் மிஞ்சியிருக்கும். அந்த எண்ணெய் சூடேறினால் காற்றோடு சேர்ந்து தானாகவே மேலும் சூட்டை உண்டாக்கும். சூடாகவே மடித்துக் குவித்து வைத்தால் அந்தச் சூடு வெளியேற முடியாமல் உள்ளே ஏறி, டிரையர் நின்று நெடுநேரத்துக்குப் பிறகும் தீப்பிடிக்கலாம். நல்லெண்ணெய் தேங்காயெண்ணெயை விட இதில் ஆபத்துக் கூடியது. இப்படிப்பட்ட துணிகளைச் சுடுநீரில் கூடுதல் சவர்க்காரம் போட்டுத் தோயுங்கள். அதற்குப் பிறகும் மணம் இருந்தால் எத்தனை நாள் மழை பெய்தாலும் கொடியில்தான் காய வேண்டும். பெற்றோல், மண்ணெண்ணெய் பட்டவையும் அப்படியே.

"பிளக் சுடுது, கருகின மணம் வருது"

உடனே நிறுத்தி, சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிடுங்கள். ஹீற்றர் வகை டிரையர் 2500 வாற் வரை எடுக்கும். 230 வோல்ற்றில் அது ஏறத்தாழ 11 அம்பியர், அதுவும் இடைவிடாமல் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். நீட்டு வயரோ, மூன்று பிளக் செருகும் கட்டையோ அதைத் தாங்காது. சுவரில் தனியாக உள்ள 13 அம்பியர் பிளக்கில் நேரே செருக வேண்டும். பழைய வீட்டு வயரிங் என்றால் முதலில் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கனடாவில் இருந்து உறவினர் அனுப்பிய டிரையர் என்றால் செருகவே வேண்டாம்: அங்கே 60 ஹேர்ட்ஸ், வீட்டு இணைப்பும் வேறு. இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். இங்கிலாந்தில் இருந்து வந்தது பொருந்தும்.

"இடையிலை கறண்ட் போட்டுது"

மழையும் காற்றும் கூடிய நாளில் இது நடக்கும், ஆகவே முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். உடுப்பு ஆறுவதற்கு முன் டிரம் நின்றுவிட்டால், உள்ளே சூடு அப்படியே குவிந்து நிற்கும். கறண்ட் வரும் வரைக்கும் காத்திருக்காமல் கதவைத் திறந்து, உடுப்பு எல்லாவற்றையும் எடுத்து, கட்டிலிலோ கதிரைகளிலோ ஒன்றன்மேல் ஒன்று படாமல் விரித்துவிடுங்கள். கூடையில் குவிக்கக் கூடாது. திரும்ப ஓட்டமுன் பஞ்சு வடியைத் துடையுங்கள். ஏற்கெனவே காய்ந்தவற்றை மடித்து எடுத்துவிட்டு, ஈரமானவற்றை மட்டும் தடிப்புப் பார்த்து உள்ளே போட்டு, குறைந்தது மூன்று நாலு பெரிய உருப்படி இருந்தால் கபேர்ட் டிரையில், அதற்குக் குறைவென்றால் டைமரில் இருபது நிமிடம் வையுங்கள்.